மார்புக்குள் எலும்பு

எண்பத்தேழாம் வருஷம் ஆடியில் இடது மார்பில் கட்டி வந்தது. வலி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை எனக்கு. கவனிக்காமல் விட்டேன். தேங்காய் மூடி அளவு வந்ததும் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டுதலாகத் தகட்டில் மார்பு உரு வாங்கிப் போட்டேன்.

மறுவருஷம் அதே இடத்தில் வந்தது. அறுத்தார்கள். அந்தக் கட்டிக்குள் எலும்பு இருந்தது. அபூர்வமான கட்டி, சதையே இப்படி மாறும் என்றார் டாக்டரம்மா. தையல் புண் ஆறி, மூன்றாவதும் வந்தது. இனி பிழைக்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

என் நாத்தனார் விடவில்லை. "மார்ல எங்கனா எலும்பு மொளைக்குமா? எவளோ சோத்துல மருந்து வச்சி குடுத்துகிறா. பட்டாபிராம்ல ஒருத்தரு வாய வச்சி உறிஞ்சி எடுக்கிறாரு, வா."

"எவன் வாயும் என் மேல படாது" என்றேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் திருநின்றவூரிலிருந்து தனியாகவே அம்மன் கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் நின்று சத்தமாகவே கேட்டேன்.

"உரு குடுத்தேன். வாங்கிக்கினு கட்டியத் திருப்பிக் குடுத்தே. இன்னா நெனச்சிகினு கீற? மாரு வேணும்னா மொத்தமா எடுத்துக்க. நான் சாவ மாட்டேன். ரெண்டு பொண்ணுங்க கீது எனக்கு."

பக்கத்தில் நின்றவள் நகர்ந்துபோனாள். பூ விழவில்லை. பல்லி சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா சொன்னார்: "கட்டியை மட்டும் எடுத்தா திரும்ப வருது. இந்தத் தடவை மார்பையே எடுத்துடணும்மா."

அம்மனிடம் நான் சொன்னதுதான் இது. உடனே கையெழுத்துப் போட்டேன்.

மார்பு போனால் பொம்பளையா என்று நாத்தனார் அழுதாள். "அழுவாதே. ஆள் கீறேன் இல்ல?" என்றேன்.

இப்போது பெரியவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மார்பை எடுத்த பிறகு கட்டி வரவில்லை. டாக்டரம்மா கூப்பிடும்போதெல்லாம் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். ஜாக்கெட்டுக்குள் துணி வைத்துக்கொள்வதில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

போன ஆடியில் கோயில் வாசலில் உரு வாங்கினேன். மார்பு உரு இல்லை, ஆள் உரு. தலையிலிருந்து கால்வரை. கடைக்காரம்மா பாவப்பட்டாள்.

"ஒடம்பு பூராவுமா நோவு?"

"நோவு இல்லம்மா. முழுசா கீறேன்னு சொல்லத்தான்."

நோவோடு இருக்கிற அக்கா தங்கச்சிகளே, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மனிடமும் போங்கள். அழுதுதான் கேட்க வேண்டும் என்றில்லை. சண்டை போட்டே கேளுங்கள். என்னிடம் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.