நல்லபிள்ளையைத் தொட்ட கை

எங்கள் மெத்தைக் கம்பெனியில் அவளை எல்லோரும் ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோய் வந்த பிறகு வைத்த பெயர் இல்லை. அதற்கு ரொம்ப வருஷம் முன்பே வைத்தது. தைத்து முடித்து மேசைக்கு வரும் மெத்தையின்மேல் உள்ளங்கையைப் பரப்பி ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். உள்ளே பஞ்சு திரண்டிருந்தாலும் சரி, உடைந்த ஊசிமுனை கிடந்தாலும் சரி, கை அந்த இடத்தில் நின்றுவிடும். கண் எங்கேயோ இருக்கும், வாய் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும், கை மட்டும் தன் வேலையைப் பார்க்கும்.

மார்பில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து அவள் திரும்பி வந்தபோது ஆளாளுக்கு அந்தப் பெயரைச் சொல்லக் கூசினார்கள். சூப்பர்வைசர் ஒருபடி மேலே போய் மேடம் என்றார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எனக்கு வந்தது கேன்சர்தான் சார், பதவி உயர்வு இல்ல. பழைய பேரையே சொல்லுங்க."

நான் அவளுக்கு ஜோடி. எங்கள் மேசையில் எப்போதும் இரண்டு பேர். அவள் தலைமாட்டிலிருந்து தடவிக்கொண்டு வருவாள், நான் கால்மாட்டிலிருந்து போவேன். எங்கே என்ன தட்டுப்பட்டது என்று முதல் ஆள் வாய் திறக்கக் கூடாது. இரண்டு கையும் ஒரே இடத்தில் நின்றால்தான் நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன், மெத்தை பிரிக்கப் போகும். ஒரு கை மட்டும் நின்றால் சந்தேகம். அப்போது சுவரோரம் கட்டிலில் கிடக்கும் ஒரு மெத்தையைத் தொட்டுவிட்டு வந்து மறுபடி பார்க்க வேண்டும். கம்பெனி ஆரம்பித்தபோது முதலாளி பார்த்துப் பார்த்துச் செய்யவைத்த சாம்பிள் மெத்தை அது. குறை இல்லாத மெத்தை எப்படி இருக்கும் என்று கைக்கு ஞாபகப்படுத்துவதற்காகவே போட்டிருக்கிறார்கள். அதற்கு நல்லபிள்ளை என்று பெயர் வைத்ததும் அக்காதான். "உன் கை இன்னிக்குச் சரியில்ல, போய் நல்லபிள்ளையைத் தொட்டுட்டு வா" என்று என்னை விரட்டுவாள்.

சிகிச்சைக்குப் பிறகு அவள் விரல்நுனிகள் மரத்துப்போயின. கீமோ மருந்து செய்கிற வேலையாம் அது. சட்டைப் பித்தானைப் போடவே திணறினாள். சூப்பர்வைசர் அவளைப் பிளாஸ்டிக் உறை போடும் பக்கம் தள்ளிவிட்டார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் காலையில் யாரையும் கேட்காமல் எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"விரல் போனா போகுது. உள்ளங்கை இருக்கில்ல" என்றாள். அன்றைக்கு அவள் கை நின்ற இடத்திலெல்லாம் என் கையும் நின்றது. சூப்பர்வைசர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அந்தக் கைதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. குளிக்கும்போது, துணி மாற்றும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அது தன் பாட்டுக்கு மார்புப் பக்கம் போய்விடும். ஒருமுறை ஏதோ தட்டுப்படுகிறது என்று அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விலா எலும்பின் ஓரம் என்றார்கள். இன்னொரு முறை தையல் நூலின் முடிச்சு என்றார்கள். இரண்டு தடவையும் அவள் வீட்டுக்காரர் தன் மிக்ஸி ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனார். இரண்டாம் முறை திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சிரித்துவிட்டாராம். நிம்மதியில்தான் சிரித்திருப்பார் மனிதர். இவளுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. இனிமேல் உயிரே போனாலும் இவரிடம் சொல்லப் போவதில்லை என்று என்னிடம் வந்து பொருமினாள்.

அதனால்தான் மூன்றாவது முறை தட்டுப்பட்டபோது அவள் வீட்டில் சொல்லவில்லை.

அன்றைக்குக் கன்னுக்குட்டி அளவுக்குப் பஞ்சு திரண்டிருந்த ஒரு மெத்தையை அவள் கை தாண்டிப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது.

"கண்ணுதான் வேற எங்கேயோ இருக்கும்னு பார்த்தா, கையுமா?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. அக்கா பதில் சொல்லாமல் இருப்பது உலகத்தில் நடக்காத காரியம். டீ நேரத்தில் என் முழங்கையைப் பிடித்துத் துணிக்கிடங்குக்குள் இழுத்துப் போய் உள்ளே தாழ் போட்டாள். சுற்றிலும் கோடு போட்ட மெத்தைத் துணி உருளைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மேலே ஒரு குழல்விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"புதுசா ஒண்ணு இருக்குடி. எங்கன்னு சொல்ல மாட்டேன். நீயா பாரு" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, இது மெத்தை இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போ."

"போவேன். போயி மூணாவது தடவையும் ஒண்ணுமில்லன்னு சொன்னா அவர் சிரிப்பார். இருக்குன்னு சொன்னா நான் செத்தேன். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்ல. ரெண்டாவது கை சொல்லட்டும், அப்புறம் போறேன்."

ரவிக்கையைக் கழற்றினாள். நான் அந்த இடத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. இடது பக்கம் ஒரு பகுதியே குழிந்து, தோல் கதிர்வீச்சில் கருத்து, தழும்பு அக்குள் வரை ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்தேன். மெத்தையைத் தொடுவதுபோலத் தொட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தழும்புக்குச் சற்றுக் கீழே கை நின்றது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கெட்டியாக, நகராமல் இருந்தது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அங்கதான்" என்றாள் அவள்.

ரவிக்கையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு அவள் நீரில் தவிப்பவள் எதையாவது பிடிப்பதுபோல ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் இப்படி அங்கங்க இருக்குமோ என்னவோ? எனக்கு ரெண்டு பக்கத்தையும் அமுக்கி அமுக்கிக் கையே குழம்பிப் போச்சு. எது நல்லது எது கெட்டதுன்னு தெரியல. உன்னைப் பார்க்கட்டுமா? நீதான் இப்ப நல்லபிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்திலும் அவளால் மட்டும்தான் அப்படிப் பேச முடியும். அவளைச் சிரிக்க வைத்தால் போதும் என்று நானும் பித்தானைக் கழற்றினேன்.

"நல்லா பாரு. என் வீட்டுக்காரர் மாசத்துல பாதி நாள் லாரியில இருக்கார். அவர்கூட இவ்வளவு கவனமா பார்த்ததில்ல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் வந்தது. மேலிருந்து கீழே ஓடிய கை ஓரிடத்தில் நின்றது. எடுத்தாள். இப்போது பக்கவாட்டிலிருந்து ஓட்டினாள். அதே இடத்தில் நின்றது. குறுக்கே ஓட்டினாள்.

அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக அவளுக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறேன். அவள் திசை மாற்றி ஓட்டினாலே எனக்கு விஷயம் புரிந்துவிடும். என் கை என்னைக் கேட்காமலே ஏப்ரன் பைக்குள் சாக்பீஸைத் தேடிப் போனது. போன பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. கையை வெளியே இழுத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லடி" என்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"யார்கிட்ட சொல்ற?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

"உன் விரல்தான் மரத்துப்போச்சே, உனக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். அவளைச் சிரிக்க வைக்க வந்தவள்தான் அப்படிக் கத்தினேன். அவளுக்கு ஒன்று என்றபோது ஆஸ்பத்திரிக்குப் போ என்று வாய்கூசாமல் சொன்ன எனக்கு, எனக்கு ஒன்று என்றதும் அவள் கையைத் தட்டிவிடத்தான் தோன்றியது.

அவள் கோபப்படவில்லை. என் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகத் திணறித் திணறிப் போட்டுவிட்டாள். "நாளைக்கு ரெண்டு பேரும் போறோம்" என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்தபோது சுவரோரம் அந்த மெத்தை கிடந்தது. அத்தனை வருஷத்தில் அதை யாருமே சோதித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புத்தியில் ஏறியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் சோப்புப் போடும்போதுகூட அந்த இடத்தைத் தொடவில்லை. தொட்டுவிட்டால் இரண்டு கை ஆகிவிடும் என்று பயம். என் வீட்டுக்காரர் லாரியோடு எங்கோ தொலைவில் இருந்தார். போனில் பேசியபோது, அக்காவுக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது, துணைக்குப் போகிறேன் என்றேன். "பாவம், கூடவே இரு" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் படம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நாங்கள் வேலைக்குப் போனோம். மேசைக்கு எதிரெதிரே நின்று தடவினோம். யாரையும் வம்புக்கு இழுக்காமல் அக்கா வேலை செய்வதைப் பார்த்து, சண்டையா என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

முடிவு சொல்லும் நாளில் அவள் வீட்டுக்காரர் வருகிறேன் என்று நின்றாராம். இந்த முறை சொல்லிவிட்டிருந்தாள். கடையைப் பூட்ட வேண்டாம், அவள் இருக்கிறாள் என்று என்னைச் சொல்லித் தடுத்துவிட்டாள். டாக்டரம்மா எங்கள் வயதுதான் இருப்பார். அக்காவிடம்தான் முதலில் பேசினார்.

"உங்களுக்கு ஒண்ணும் பயமில்ல. ஆபரேஷன் பண்ண இடத்துல, கதிர்வீச்சுக் கரண்ட் வெச்ச இடத்துல, உள்ள இருக்கிற கொழுப்பு சில நேரம் இறுகிப்போய்க் கட்டி மாதிரி ஆயிடும். அதுதான் இது. கேன்சர் இல்ல. ஆனா இப்படி வந்து காட்டினதுதான் சரி. எத்தனை தடவை வேணா வாங்க."

அக்கா என் தொடையை இறுக்கிப் பிடித்தாள். பெருமூச்சு விட்டாள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டரம்மா அடுத்த காகிதத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

நான் வெகுளியாக, அவர் லாரியில் போயிருக்கிறார் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தொடையைப் பிடித்திருந்த கை உறைந்துபோனது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத்தான் அன்றைக்குத் தனக்கு நோய் என்று தன்னிடமும் சொன்னார்கள் என்று அக்கா பின்னால் சொன்னாள். நான் இன்னும் லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவள் குறுக்கே புகுந்தாள்.

"அவளுக்கு நான் இருக்கேன் டாக்டர். சொல்லுங்க."

சொன்னார்கள். சின்னது, சீக்கிரம் கண்டுபிடித்திருக்கிறோம், நல்ல மருந்து இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒன்றும் உள்ளே போகவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நான் துணைக்கு வந்தவள் என்றே கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.

வெளியே நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு இல்லன்னதும் உள்ளுக்குள்ள குதிச்சேன்டி. நீ பக்கத்துல உக்காந்திருக்கறதே மறந்துபோச்சு."

"நானும் குதிச்சேன் அக்கா. உனக்கு இல்லன்னா எனக்கும் இருக்காதுன்னு நினைச்சுட்டேன்."

அவள் மூக்கைச் சிந்தினாள். கையை நீட்டினாள். "போனைக் குடு. உன் வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்றேன். உன்னால முடியாது."

நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். மணி அடித்தது. அவர் எடுத்ததும் அக்கா என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள், பாதியிலேயே ஓவென்று அழுதுவிட்டாள். அந்தப் பக்கம் அவர் பதறுவது எனக்கே கேட்டது. லாரியை ஓரங்கட்டும் சத்தமும் கேட்டது. நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஐயோ, அக்காவுக்கு மறுபடியும் வந்துடுச்சா?" என்று கேட்டார். "அழாத. நீ அவங்க பக்கத்துலயே இரு. நீ தைரியமா இருந்தாத்தான் அவங்களுக்குத் தெம்பு."

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "எனக்கு."