பெயிண்ட் தொடாமல் எடுத்த ஒடுக்கு

வில்லாபுரத்தில் சொந்த மனையில் பட்டறை போட்டேன். வாடகை இடத்திலிருந்து இரண்டு தடவை சாமானைத் தெருவில் எடுத்து வைத்தார்கள், மூன்றாவது இடத்தை நானே வாங்கினேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து, வளைத்து, ஒடுக்கெடுக்க முப்பது விதமான கம்பிகள் செய்தேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கடையில் வாங்கவில்லை. இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன், ஒருத்தி வக்கீல். கார் தகரத்தில் விழுந்த சொட்டையை வண்ணம் உரியாமல் எடுக்க முடியாது என்று டிங்கரிங் தெரிந்த அத்தனை பேரும் சொன்னார்கள். முடியும் என்று காட்டியவன் நான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கெடுத்து எடுத்துக் கற்ற கை இது.

அழகர்கோவில் தேங்காய் விஷயத்துக்கு வருகிறேன். என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

பேரையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், அடர் நீலத்தில் புதுக் கார் எடுத்தார். ஷோரூமிலிருந்து நேராக அழகர்கோவிலுக்குப் போய், கருப்பசாமி சந்நிதி முன்னால் பூஜை போட்டார்கள். சிதறுகாய் உடைத்தது அவர் மனைவியின் தம்பி. உடைந்த மூடி எகிறி, டிரைவர் பக்கத்துக் கதவில் அடித்துவிட்டது. உள்ளங்கை அளவுக்குக் குழி. சாமிக்கு வண்டி பிடிக்கவில்லை என்று விவசாயியின் மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்.

திரும்ப ஷோரூமுக்கே போயிருக்கிறார்கள். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும், வேறு வழி இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இவர் சண்டை பிடித்ததும், அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி எல்லோரையும் என்னிடம் கூட்டி வந்தார்.

"பெயிண்ட் மட்டும் அடிக்கக் கூடாதுண்ணே," என்றார் விவசாயி. "புது வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சா, செகண்ட் ஹேண்ட் வண்டியப் புதுசுன்னு ஓட்டுறான்னு ஊர்ல பேசிருவாய்ங்க."

"நான் மெதுவாத்தான் மாமா போட்டேன்," என்றான் மனைவியின் தம்பி.

"மெதுவாவா? ஏ மாப்ள, கெணத்துக்கு வேட்டு வச்ச மாதிரில்ல இருந்துச்சு!"

அன்றைக்குப் பார்த்து எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். டியூப்லைட் எரியாமல் இந்த வேலை நடக்காது. ஒடுக்கைத் தகரத்தில் பார்த்தால் ஏமாந்து போவோம். தகரத்தில் தெரியும் வெளிச்சக் கோடு எங்கே வளைகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கரண்ட் வந்ததும் பார்க்கலாமே என்றார் ஷோரூம் தம்பி. கரண்டுக்குக் காத்திருப்பவன் நான் இல்லை. விவசாயி கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தேன். நான்கு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை.

"வேட்டிய அவுருங்கண்ணே."

"எதுக்குண்ணே?"

"எனக்குக் கரை வேணும்."

"மாமா, சாமிக்குத் தேங்காயோட போச்சு, இவரு வேட்டியவே கேக்குறாரு!" என்று மாப்பிள்ளை சிரித்தான்.

என் கைலியைக் கொடுத்து, வேட்டியை வாங்கி, வெயிலில் கொடி கட்டி விரித்தேன். பளபளக்கும் கதவில் பச்சைக் கரை அப்படியே தெரிந்தது. குழி இருந்த இடத்தில் மட்டும் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது.

கண்ணாடியை இறக்கி, அதன் இடுக்கு வழியாகக் கம்பியை விட்டு, உட்புறத்திலிருந்து நெம்பினேன். நடுக்குழியை எடுத்தவுடன் தொடக் கூடாது, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு நெம்புக்கு ஒரு அரிசி அளவுதான் தகரம் ஏற வேண்டும். அவசரப்பட்டால் பரு மாதிரி புடைத்துப் பெயிண்ட் வெடித்துவிடும். கொஞ்சம் கூடுதலாக ஏறிய இடத்தை மரக்குச்சி வைத்து மேலே இருந்து தட்டி அமர்த்தினேன். மூன்று மணி நேரம் கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. ஷோரூம் தம்பி போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிடிக்கட்டும் என்று விட்டேன், அது என் தப்பு.

பச்சைக் கரை அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேரானது. அந்த அம்மா வந்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எந்தக் கதவுண்ணே அது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு மேல் எனக்கு என்ன பட்டம் வேண்டும்?

இரண்டு வாரம் கழித்து விவசாயி போன் செய்தார். "அண்ணே, ஷோரூம்ல நம்ம கதவப் பெரிய படமா மாட்டியிருக்காய்ங்க. அவுக ஆளுக மெஷின் வச்சு எடுத்தாகளாம். இல்லப்பா, வில்லாபுரத்துல எடுத்ததுன்னு சொன்னேன், ஒருத்தனும் காதுல வாங்கல."

போய்ப் பார்த்தேன். குழியோடு ஒரு கதவு, குழியில்லாமல் ஒரு கதவு. நடுவில் என் கம்பி. பிடித்திருந்த கையை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். கீழே, 'எங்கள் வல்லுநர் குழுவின் நவீன சேவை' என்று எழுதியிருந்தது.

மானேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, வெளியாள் பேரைப் போட ரூல்ஸ் இல்லைங்கய்யா. உங்ககிட்ட சர்டிபிகேட் ஏதாச்சும் இருக்கா?"

"அந்த வண்டியக் கூப்பிடுங்க. உங்க குழுவையும் கூப்பிடுங்க. குழி எந்த எடத்துல இருந்துச்சுன்னு ஒருத்தராச்சும் தொட்டுக் காட்டட்டும்."

அவர் குரலைத் தணித்தார். "இனிமே இந்த மாதிரி வேலை பூராவும் உங்களுக்கே அனுப்புறோம். பேரு மட்டும் கேக்காதீங்க."

வீட்டில் வக்கீல் மகளும் அதையேதான் சொன்னாள். "விடுங்கப்பா, வேலை வருதுல்ல, போதாதா?"

போதாது. என் கையை வெட்டிப்போட்ட படத்துக்கு என் கையே இனி வேலை செய்து கொடுக்க வேண்டுமா?

ஷோரூம்காரர்களே, படத்தைக் கழற்றச் சொல்லவில்லை, அது அங்கேயே தொங்கட்டும். வல்லுநர் குழு என்ற வரியை அழித்துவிட்டு, என் பெயரையும் என் பட்டறையின் பெயரையும் எழுதுங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் வேண்டாம், அந்த வரி இருந்த அளவிலேயே எழுதுங்கள். எழுதும் வரைக்கும் நீங்கள் அனுப்பும் ஒரு வண்டியையும் நான் தொட மாட்டேன்.