யார் சொல்லச் சொல்ல எழுதினேன்

எனக்கு ஸ்கிரைப் டூட்டி போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று நான் பேசிய பேச்சை என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும். இண்டூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவள் நான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், கண் தெரியாத ஒரு பெண் பதில் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டுமாம். அதுவும் அரூர் தாண்டி ஒரு மையத்தில். இரண்டு பஸ் மாற வேண்டும், பங்குனி வெயில் வேறு. "எழுதத் தெரிஞ்ச ஆளே இந்த மாவட்டத்துல வேற இல்லீங்களா?" என்று தலைமையாசிரியரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் ஆர்டரை என் பக்கம் தள்ளிவிட்டு, "சொல்றத எழுதறதுல என்னம்மா கஷ்டம்?" என்றார்.

மையத்தில் இருந்த அதிகாரியும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "அந்தப் பொண்ணு சொல்றது மட்டுந்தான் பேப்பர்ல வரணும். தப்பா சொன்னாலும் தப்பாவே எழுதுங்க. உங்க அறிவெல்லாம் பர்ஸ்லயே இருக்கட்டும்." எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷ சர்வீஸில் யாரும் என் அறிவைப் பர்ஸில் வைக்கச் சொன்னதில்லை.

மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று எங்களுக்குக் கடைசிக் கட்டிடத்தில் தனி அறை கொடுத்திருந்தார்கள். உடைந்த பெஞ்சுகளை மேற்கூரை வரை அடுக்கிவைத்த அறை. அந்தக் குவியலுக்கு முன்னால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வராந்தாவில் ஒரு மேற்பார்வை சார் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணை அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுப் போனார். ஒல்லியான பெண், எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல். "வணக்கங்க டீச்சர்" என்றாள். குரல் வெளியே வருவதற்கே கூச்சப்பட்டது.

முதல் நாள் தமிழ். கேள்வியை நான் படித்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அது வேறு குரலாக இருந்தது. இருபது வயதுப் பெண்ணின் குரல், தொண்டை சற்றுக் கட்டியது, வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்குகிற குரல். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளேதான் பேசிக்கொண்டிருந்தாள். சில இடங்களில் காரணமே இல்லாமல் நிறுத்தினாள். யாரோ அவசரமாக எழுந்து போய்விட்டுத் திரும்பி வரும் வரைக்கும் காத்திருப்பதுபோல் இருந்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தாள். நான் எழுதிக்கொண்டே போனேன். திடீரென்று அதே குரலில், "கம்பைநல்லூர் பஸ் போயிருச்சாம்மா?" என்றாள்.

பேனா நின்றுவிட்டது. "என்னது?"

"மன்னிச்சிருங்க டீச்சர்." பழைய சின்னக் குரல். "அத எழுத வேண்டாங்க. அது பாடத்துல இல்ல. ரெக்கார்டுல இருக்கு."

அன்றைக்கு வெளியே வந்ததும் அவள் அம்மாவை வேப்பமரத்தடியில் பிடித்தேன். "என்னங்க இது, புள்ள ரெண்டு குரல்ல பேசுது?" அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பெரிய பொண்ணு ஒண்ணு இருந்துச்சுங்க டீச்சரம்மா. அரூர்ல துணிக்கடைக்கு வேலைக்குப் போவும். வந்ததும் வராததுமா புஸ்தகத்த எடுத்து போன்ல படிச்சு வச்சிரும். இவ ராப்பகலா அதக் காதுல மாட்டிக்கிட்டுக் கெடப்பா. எங்களுக்குத்தான் எழுத்து தெரியாதே. பொங்கல் கழிஞ்சு பெரியவளுக்கு நெஞ்சுச் சளி முத்திப்போச்சுங்க. காப்பாத்த முடியல." பிறகு, "செத்த அன்னிக்கும் இவ அழுவலங்க. அழுவாம இருக்கறாளேன்னுதான் எங்களுக்குப் பயமா இருக்குது" என்றார். பாஸானால் சேலத்தில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. ஃபெயிலானால் வூட்டோடு இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டாராம். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, தலைமையாசிரியரிடம் போட்ட சண்டையை நினைத்து என் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

தெரிந்த பிறகு பயம் போயிருக்க வேண்டும். எங்கே போனது? கூடத்தான் செய்தது. அவள் நிறுத்துகிற இடங்கள் எனக்கும் பழகின. இங்கே குக்கர் விசில் அடித்திருக்கும், இங்கே அந்தப் பெண் தண்ணீர் குடித்திருப்பாள் என்று கை தானாக நின்றது. விளக்கம் வருகிற இடங்களில் "அதாவது பாப்பா" என்று ஆரம்பித்து, பிறகு சின்னக் குரலில், "பாப்பாவ எழுதிராதீங்க டீச்சர்" என்பாள். அறிவியல் தேர்வன்று இரண்டு வரிக்கு ஒரு தரம் இருமினாள். ஆழமான, வறண்ட இருமல். "சளி புடிச்சிருக்கா கண்ணு? தண்ணி குடி" என்றேன்.

"எனக்கு இல்லீங்க டீச்சர்" என்றாள்.

அந்த வெயிலில் எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. வீட்டில் என் கணவர், "என்னடி, பேசிட்டே இருக்கற, நடுவுல நடுவுல எங்கியோ போயிட்டு வர்ற?" என்று கேட்டார். நான் நிறுத்தியது எனக்கே தெரியவில்லை.

கடைசித் தேர்வு சமூக அறிவியல். அதற்குத்தான் அவளும் பயந்தாள், நானும் பயந்தேன். பாடம் அதிகம், அக்கா எல்லாவற்றையும் படித்து முடிக்கவில்லை. அவளுக்குத் தெரியாத கேள்விகளைத் தள்ளித் தள்ளி வந்தோம். ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு, பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் ஒருத்தர்மேல் ஒருத்தர் மையைத் தெளித்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் உண்டு. கால் மணியில் பள்ளிக்கூடமே துடைத்து வைத்தாற்போல் ஆகிவிட்டது. மேற்பார்வை சார் சாப்பாட்டு டப்பாவோடு எங்கோ போய்விட்டார். உடைந்த பெஞ்சுக் குவியலுக்குள் ஏதோ மரம் படக்கென்று தெறித்தது. வெயிலுக்கு மரம் அப்படித்தான் சத்தம் கொடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் மனதுக்குள் மார்க்கைக் கூட்டிப் பார்த்திருந்தேன். எப்படிக் கூட்டினாலும் முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று. முப்பத்தைந்து வேண்டும். அவளால் தொடக்கூடியதாக மீதி இருந்தது ஒரே ஒரு ஐந்து மார்க் கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்கு ஏன் அதிக மழை தருவதில்லை என்று கேட்டிருந்தார்கள். படித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அந்தக் குரல் வந்தது. "தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது. வரும் வழியில் அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி..."

நின்றாள். தண்ணீர் குடிக்கிற நேரம் போனது. கதவைத் திறக்கிற நேரம் போனது. நான் காத்திருந்தேன்.

"அவ்ளோதாங்க டீச்சர்."

"அவ்ளோதான்னா? மோதி? மோதி என்னாவுது?"

"தெரியலீங்க. 'மோதி'ன்னு சொல்லிட்டு இருமுனா. 'மீதி நாளைக்குப் படிக்கறேன் பாப்பா'ன்னா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிதாங்க."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கியத்தைப் பாதி சொல்லி வாத்தியார்கள் நிறுத்துவோம். வகுப்பு மொத்தமும் மீதியைச் சொல்லி முடிக்கும். மீதி வராமல் தொங்குகிற வாக்கியத்தை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்குப் பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டது. அடுத்த வரி என் விரல் நுனியில் வந்து நின்றது. எழுத ஆரம்பித்துவிட்டேன். தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். மூன்று வரி, நான்கு வரி.

அவள் தலையைத் தூக்கினாள். "டீச்சர், பேனா ஓடுதுங்களே."

பேனா நிற்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே. யாருங்க டீச்சர் சொல்றாங்க?" என்று கேட்டவள், மேசைமேல் குனிந்து ரகசியம்போல், "எங்கக்கா சொல்றாளுங்களா?" என்றாள்.

ஆத்தாடி! உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் சில்லிட்டுப் போனேன். ஆமாம் என்றால் பாவம். இல்லை என்றால் நான் திருடி.

"என்ன சொன்னான்னு படிங்க டீச்சர். நான் அதக் கேட்டதே இல்ல."

படித்தேன். "மோதி மேலே எழும்பிக் குளிர்ந்து, மலையின் மேற்குப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. அதாவது பாப்பா..." படிப்பதை நிறுத்திவிட்டுப் பேப்பரையே பார்த்தேன். என் கையெழுத்துதான், என் பேனாதான். 'அதாவது பாப்பா' என்று பரீட்சைப் பேப்பரில் எழுதியிருந்தேன். எப்போது எழுதினேன் என்று இன்றைக்கு வரை எனக்கு நினைவில்லை. ஐந்து நாள் கேட்ட பழக்கம் என்பார்கள். இருக்கலாம். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

அவள் சிரித்தாள். ஐந்து தேர்விலும் அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன். "அவளேதாங்க" என்றாள். பிறகு, "அடிச்சிருங்க டீச்சர்" என்றாள்.

"ஏன் கண்ணு? அஞ்சு மார்க்கு. இது இல்லேன்னா..."

"நான் சொல்லலீங்களே. பரிச்ச எனக்குத்தானுங்க. அடிச்சிருங்க."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உலகம் தெரியாத பெண், சேலம் கண்ணுக்கு முன்னால் நழுவிப் போகிறது, இது நியாயம் பேசுகிறது! வினாத்தாளைப் பக்கத்தில் இழுத்துவைத்து அதன்மேல் சரக்கு சரக்கு என்று நாலு கோடு போட்டேன். "அடிச்சாச்சு" என்றேன்.

அவள் முகம் வாடியது. "அது கொஸ்டின் பேப்பருங்க டீச்சர். அது வேற சத்தம்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. விடைத்தாளை எடுத்தேன். நான் எழுதின வரிகளை ஒவ்வொன்றாக, அவளுக்குக் கேட்கும்படி அழுத்தி அடித்தேன். அந்தப் 'பாப்பா' மேல் கடைசியாகக் கோடு போட்டேன்.

"இப்ப நீ சொல்லு. உனக்குத் தெரிஞ்சத சொல்லு, போதும்."

நேரம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. பிறகு அவள் குரல், அந்தச் சின்னக் குரல், தட்டித் தடவி வந்தது. "மேக்கால இருந்து வர்ற காத்து எங்க வூட்டுப் பக்கம் வர்றப்ப வெறுங்காத்தாத்தான் வருதுங்க. ஈர வாசமே இருக்காது. தண்ணிய மலைக்கு அந்தப் பக்கமே எறக்கி வச்சிட்டு வருது போல. ஐப்பசில கெழக்கால இருந்து வர்ற காத்துலதான் ஈரம் இருக்கும்." அவ்வளவுதான். 'வூட்டு' என்பதைக்கூட மாற்றாமல் அப்படியே எழுதினேன்.

முடிவு வந்த அன்று அவள் தேர்வு நம்பரை என் போனில் போட்டுப் பார்த்தேன். சமூக அறிவியல் முப்பத்தாறு. தேர்ச்சி. என் மகள் பாஸானபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் போனை மகளிடம் கொடுத்தார்.

"முப்பத்தாறுங்களா டீச்சர்?" சின்னக் குரல். பிறகு, "அதுல எங்கக்காளுது எத்தினிங்க, என்னுது எத்தினி?" என்று கேட்டாள்.

திருத்தினது யாரோ, எனக்கு என்ன தெரியும்? ஆனால் நான் கூட்டி வைத்த கணக்கு இருந்ததே. "முப்பத்திமூணு அக்காளுது. மூணு உன்னுது" என்றேன். "அந்த மூணு இல்லேன்னா ஃபெயிலு கண்ணு."

மறுபக்கமிருந்து அழுகை வந்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் அழுகை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமில்லாமல், பெரிதாக. பின்னால் அவள் அம்மா, "அழுவுறாளுங்க, புள்ள அழுவுறாளுங்க" என்று யாரையோ கூப்பிட்டார். இத்தனை நாளில் அந்தப் பெண்ணின் குரல் இவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நானும் சேர்ந்து அழுதுகொண்டு நின்றேன்.