தும்மலுக்கு அஞ்சேல்

வெளியே தெரியாத தசைகளுக்கு டிரில் மாஸ்டர் வேலை என்னுடையது. இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசைக்கூட்டம் இருக்கிறதே, சிறுநீரை அடக்குவது, கர்ப்பப்பையைத் தாங்குவது எல்லாம் அதுதான்; அதற்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். தும்மல் வந்தால் காலைக் குறுக்கே போட்டு நிற்கும் சகோதரிகளே, கூச்சம் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு நானும் உங்கள் கட்சிதான்.

திரையில் ஒரு அசைவு

கவிதா சான்டா கிளாராவில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். முதுகுவலி என்றுதான் வந்தார். "சிரிச்சா, இருமினா ஏதாவது கசியுதா?" என்று கேட்டேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அழுதார். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு கறுப்பு பேண்ட் தவிர வேறு போடுவதில்லையாம். மகள் டிராம்போலினில் குதிக்கக் கூப்பிட்டால், அம்மாவுக்குக் கால்வலி என்று பொய்.

அல்ட்ராசவுண்டை அடிவயிற்றில் வைத்துத் திரையைக் காட்டினேன். இறுக்கச் சொன்னால் மூச்சைப் பிடித்துக் கீழே முக்கினார். பெரும்பாலோர் செய்யும் தப்பு அது. "மூச்சை விட்டுக்கிட்டே மேல இழுங்க" என்றேன். சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் திரையில் அந்தத் தசை அழகாக மேலே எழும்பியது. நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். கவிதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அக்கா, அது என்னோடதுதானா? ரீப்ளே பண்ணுங்க."

பந்தியில் அங்கிள்

சான் ஹோசேயில் ஒரு விருதுநகர் அங்கிள். புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர். கேட்டதற்கெல்லாம் ஆன்ட்டிதான் பதில். ஆன்ட்டியை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. எழுந்திருக்கும்போது கசிகிறதாம். அதனால் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆன்ட்டி தனியாகப் போய்வருகிறார்.

எழுவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்க வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். நாற்காலியில் ஆரம்பித்தோம், பிறகு முக்காலி, கடைசியில் தரை. ஒரு திங்கட்கிழமை ஆன்ட்டியை முந்திக்கொண்டு உள்ளே வந்தார். "நேத்து கோயில்ல தரையில உக்காந்து சாப்பிட்டு எந்திரிச்சேம்மா. பக்கத்துல இருந்தவனுக்கு ஒண்ணும் தெரியல, எனக்கு மட்டும்தான் திருவிழா."

இறுக்கினது போதும்

திவ்யாவுக்கு நேர்மாறான வம்பு. உட்கார்ந்தாலே அடியில் வலி. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு டிரைவ் பண்ண முடியாமல் வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருந்தார். வீடியோவில் பார்த்த பயிற்சியை விடாமல் செய்து, இறுக்கி இறுக்கி வலியைக் கூட்டியிருந்தார். சோதித்துப் பார்த்தால், தசை பலவீனமாக இல்லை. தளரவே தெரியாமல் கிடந்தது.

பயிற்சியெல்லாம் நிறுத்தச் சொன்னேன். படுத்துக்கொண்டு வயிறு உப்ப மூச்சை இழுப்பது, அடித்தசையைத் தளரவிடுவது, அவ்வளவுதான் ஆரம்பம். வலி மெதுவாகத்தான் இறங்கியது. ஃப்ரீவேயில் நடுவில் எங்கும் நிறுத்தாமல் கிளினிக்குக் காரோட்டி வந்த அன்று, சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சின்ன வயசுலேருந்து எல்லாரும் வயித்த உள்ள இழுன்னுதான் சொன்னாங்க. விடுன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்."

ஊரே கண்ணாடியில் தெரியும் தசைக்காக ஜிம்முக்கு ஓட, யாரும் பார்க்கவே முடியாத தசைக்குக் கைதட்டிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.