நீளமான வரி

மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும்போது எழும் கைப்பு வாடை, சோறு பிசையும் விரலிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஏழாயிரம்பண்ணையில் எங்கள் தெருப் பெண்கள் அப்போது மத்தாப்புப் பெட்டிகளுக்கு வீட்டிலேயே லேபிள் ஒட்டினார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்கவில்லை.

எதிர்வீட்டுச் சீனியக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம் என்பதற்காகவே வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வேனில் ஏறாமல் இந்த ஒட்டு வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள், கம்பெனியிலிருந்து பெட்டி கொண்டுவரும் ஏசெண்டு இரண்டு கட்டு லேபிள் தந்து, ஒன்று முதல் தரப் பெட்டிக்கு, மற்றது இரண்டாம் தரப் பெட்டிக்கு என்று சொல்லிப் போனார். இரண்டிலும் ஒரே கிளிப் படம். அடியில் இருந்த இங்கிலீஷ் வரி மட்டும் வேறு. எது எதற்கு என்பது அக்காவுக்கு மறந்துபோனது.

“ஏட்டி, நீதான் இங்கிலீசு படிக்கியே, எது ஒசத்தின்னு பாத்துச் சொல்லு” என்று என்னைக் கூப்பிட்டாள்.

“வெலகுங்க, கலெக்டரம்மா வாசிக்கட்டும்” என்று யாரோ சிரித்தார்கள்.

எனக்கு எழுத்துகள் தெரியும். பூனை, நாய், பசு தெரியும். தரத்தைச் சொல்லும் பெரிய சொல் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்க, அதற்கு முன்னால் ‘நண்டும் சிண்டுமாக’ நின்ற சின்னச் சொற்கள்தான் வேறாக இருந்தன. அவற்றை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் பார்க்க உதட்டை அசைத்து வாசிப்பதுபோல் பாவனை செய்து, வரி நீளமாக இருந்தால் புகழ்ச்சியும் கூடத்தானே இருக்கும் என்று எண்ணி, நீளமானதைத் தொட்டுக் காட்டினேன்.

மூன்றாம் நாள் லோடு திரும்பி வந்தது.

“முதல் தரத்துக்கு அடுத்ததுன்னு போட்டிருக்க லேபிளக் கொண்டுபோயி முதல் தரப் பெட்டியில ஒட்டியிருக்கீகளே, கண்ணு எங்கன இருந்துச்சு?” என்று ஏசெண்டு தெருவில் நின்று கத்தினார்.

“நாந்தான் மாத்தி ஒட்டிப்புட்டேன் அண்ணாச்சி” என்றாள் அக்கா. இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை தப்பாகச் சொல்லியிருக்காது என்று மெய்யாகவே நம்பினாள். நான் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அதன்பின் அவளுக்குப் பெட்டி வரவில்லை. அடுத்த வாரமே பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேனில் ஏறினாள். அது பாலுக்கு அழும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும்.

இன்று பெட்டிகள் லேபிள் அச்சடித்தே வந்துவிடுகின்றன. வீட்டில் ஒட்டுவார் யாருமில்லை, அன்று ஒட்டியவர்களிலும் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். போன மாதம் சாத்தூர் பஸ்ஸில் சீனியக்காவைப் பார்த்தேன். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் தன் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்து, “அந்தக் காலத்துலயே நம்ம தெருவுல இங்கிலீசு வாசிச்சவ இவதாம்ட்டி” என்றாள்.

அந்தப் பெண் மரியாதையாக வணக்கம் சொன்னாள். நானும் ஆமென்று தலையை ஆட்டினேன்.