மச்சான் கிணற்றுச் சிவப்புக் கோடு

எனக்கு மச்சானைப் பிடிக்காது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் பெரிய தொந்தரவு. செய்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பியாவது வயிற்றெரிச்சலை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எங்கள் இருவர் நிலமும் ஒரே வரப்பை ஒட்டி இருக்கிறது. அவர் கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் என் கிணற்றடியில் கேட்கும். நெல் கட்டுப்படியாகாமல் போனபோது இருவரும் ஒரே வருஷத்தில் ஆளுக்கு இரண்டு டேங்கர் லாரி வாங்கினோம். சிறுசேரிப் பக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடிப்பதுதான் பிழைப்பு. ஒரே மண், ஒரே தொழில். பிறகு ஏன் ஊரில் அவரை 'மொதலாளி' என்றும் என்னைத் 'தண்ணி லாரிக்காரன்' என்றும் சொல்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

மச்சான் செய்த வேலைகளைக் கேளுங்கள். கிணற்றின் உள்சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். தண்ணீர் அதற்குக் கீழே போனால் மோட்டார் ஓடாது. அவரவர் கிணற்றில் அவரவர் கோடு போட்டுக்கொள்வதில் எனக்கென்ன? ஆனால் மோட்டார் கொட்டகைச் சாவியைத் தன் டிரைவர் ஒருவனிடம் கொடுத்து, "தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்கிட்ச்சுன்னா, நானே வந்து கேட்டாலும் சாவியக் குடுக்காத" என்று சொல்லிவைத்திருந்தார். சொந்தக் கிணறு, சொந்த மோட்டார், சாவி மட்டும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் இடுப்பில்! டீக்கடையில் இதைச் சொல்லி நான் சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை.

காலையில் முதல் ஒரு மணி நேரம் அவர் கிணற்றுத் தண்ணீர் லாரிக்குப் போகாது. தெருக்காரர்கள் பிடித்துக்கொள்ளக் குழாய் போட்டுவிட்டிருந்தார். பிறகுதான் வியாபாரம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதெல்லாம் செய்தி வாசிக்கப்படும்.

"எங்கண்ணன் லாரி பள்ளிக்கூடம் வுடற நேரத்துல தெருவுல வராதாம். உங்க லாரி இன்னிக்கும் ஆரன் அடிச்சிகினு போச்சு, பசங்கல்லாம் பயந்துகினு ஓடுதுங்க" என்பாள் மனைவி.

நான் ரசத்தை மட்டும் பார்த்துச் சாப்பிடுவேன்.

ஒரு சுதந்திர தினத்தன்று, அவர் தண்ணீர் அடிக்கும் பெரிய குடியிருப்பில் கொடியேற்றிவிட்டு மச்சானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கச் செயலாளர் மைக்கில், "இப்படிப் பொறுப்பா வியாபாரம் பண்றவங்களைப் பார்க்கறதே அபூர்வம்" என்றார். மனைவியோடு போயிருந்த நான் மற்றவர்களைவிட ஒரு தட்டு அதிகமாகவே கைதட்டினேன். தட்டத் தட்ட உள்ளே எரிந்தது. அந்தப் பொன்னாடையை அங்கேயே பிடுங்கித் தரையில் போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது. மிட்டாய் கொடுத்தார்கள், வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வருஷம் மழை பொய்த்தது. மே மாதம் பிறந்ததும் மச்சான் கிணற்றில் தண்ணீர் கோட்டைத் தொட்டது. அவரே குடியிருப்புக்குப் போய், இனி மழை வரும்வரை பாதி லோடுதான் தர முடியும் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் செயலாளர் எனக்குப் போன் செய்தார்.

"மீதிப் பாதியை நீங்க தர முடியுமா சார்?"

"பாதி எதுக்கு சார்? முழுசா நானே தர்றேன்" என்றேன்.

டப்புக்காக மட்டும் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் செயலாளர் வாயால் அடுத்த வருஷம் என் பெயர் வர வேண்டும். அதை என் மனைவி கேட்க வேண்டும். அதற்காகவே வறண்டுகொண்டிருந்த என் கிணற்றின் அடியில் ஆழமாக ஒரு போர் போட்டேன். மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினேன். ஒரு லாரியை நானே ஓட்டுவேன்; இன்னொன்றைப் பத்து வருஷமாக ஓட்டுகிற டிரைவர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணாத்த, கெணத்துக்குக் கொஞ்சம் டைம் குடு. ஊற வேணாமா?"

"நீ லாரிய ஓட்டு. கெணத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இருபது நாள் நான் ராஜா. குடியிருப்பின் வாசலில் காவலாளி எனக்கு சல்யூட் வைத்தார். வீட்டில் செய்தி வாசிப்பு நின்றுபோனது. ஒரு மத்தியானம் நானாகவே, "உங்கண்ணன் லாரி ரெண்டும் மரத்தடியில தூங்குதே, பாத்தியா?" என்று கேட்டேன். மனைவி மோர் ஊற்றினாள். அந்த மோர் அவ்வளவு ருசியாக இருந்தது.

அடுத்த வாரம் செயலாளர் மறுபடி கூப்பிட்டார். சோப்பு நுரைக்கவில்லையாம், பருப்பு வேகவில்லையாம். உங்கள் தொட்டியைக் கழுவுங்கள் என்று நான் எரிந்து விழுந்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் குழாயில் வாய் வைத்தேன். உப்பு. துப்பிவிட்டு இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பேதான். நல்ல தண்ணீரை இடைவிடாமல் இழுத்து இழுத்து, கழித் தண்ணீரைப் பாதாளத்திலிருந்து நானே வரவழைத்திருந்தேன். உப்பளத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். இது நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் சின்னக் குழந்தைகூட நம்பாது.

அன்றைக்கே என் லாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து மச்சான் மொபெட்டில் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தங்கை கொடுத்த சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

"மாப்ள, என் கெணத்துலயும் உப்பு வந்துட்ச்சு. ரெண்டுக்கும் ஒரே ஊத்துதான் போல கீது" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, இப்போது நாம் இருவரும் ஒன்று என்று இருந்தது. தெருக்காரர்கள் நாளைக் காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், மனைவி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சான் திட்டுவார் என்று காத்திருந்தேன். போர் போட்ட சத்தம் அவர் கிணற்றடிக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? திட்டினால் நானும் நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவரோ தெருவுக்குத் தண்ணீர் தரச் சொல்லிப் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். தன் டிரைவர்கள் இருவருக்கும் சிறுசேரிக் கம்பெனிப் பஸ் ஓட்டும் வேலை பேசி முடித்துவிட்டதைச் சொன்னார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒன் டிரைவருக்கும் சேத்துச் சொல்லி வெச்சிக்கிறேன் மாப்ள. திங்கக்கெழம வரச் சொல்லு. மூணு பொம்பளப் புள்ளைங்கள வெச்சிகினு அவன் எங்க போவான்?" என்றார்.

பத்து வருஷமாக என் லாரி ஓட்டுகிறவனுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். "தெரியும் மச்சான், நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன்.