ஒல்லாந்துக் கதவைத் தட்டியவர்கள்

நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். றொனால்ட் இன்றும் ரொறன்ரோவில்தான் இருக்கிறான். நேரிலேயே கேட்கலாம்.

1996 தை மாதம். நகர நடுவே ஒரு சிறிய கண்காட்சி மண்டபம். ஒல்லாந்து நகரமொன்றின் பழைய கோட்டைவாசற் கதவை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மத்தியகாலத்து ஓக் மரம், இரண்டு ஆள் உயரம். சுவர் கிடையாது. வெறும் கதவு. சுற்றி நடந்து வரலாம்.

மாலைக் காவல் றொனால்டுக்கு. மண்டபம் பூட்டிய பிறகு, இரண்டு நாளாகக் கதவின் அலாரம் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் எவரும் இல்லை. இன்னொரு தடவை அடித்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார் சூப்பர்வைசர். வேலை போனால், கொழும்பில் காத்திருக்கும் மனைவி எமில்டாவைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சரும் போய்விடும்.

அவனுடைய சந்தேகமெல்லாம் பகல் காவலாளி அலெக்ஸாண்டர் மீதுதான். இந்த வேலையைத் தன் மச்சானுக்கு எடுத்துக்கொடுக்க அலைகிறவர். சாவியும் அவரிடம் உண்டு.

மூன்றாம் நாள் விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்ப்பாள் போட்டிருந்த பக்கமாகக் கதிரையைப் போட்டு இருந்தான்.

டொக்.

மறுபக்கத்திலிருந்து.

"அலெக்ஸாண்டர் அண்ணை, உந்தப் பகிடி போதும். வெளிய வாங்கோ."

டொக்... டொக்...

சுற்றி ஓடினான். எவரும் இல்லை. மேசையிலிருந்த போனை எடுத்து, அஜக்ஸ் நகரிலிருந்த அலெக்ஸாண்டரின் வீட்டுக்கு அடித்தான். அலெக்ஸாண்டரே எடுத்தார்.

"என்னடாப்பா, வேலையில நித்திரை வரேல்லையோ?"

"நீங்கள்... வீட்டிலயோ?"

"பின்னை? புட்டுச் சாப்பிடுறன். அதுசரி, ஆரடா உங்க கதவு தட்டிறது?"

அவருக்கும் கேட்டிருக்கிறது.

இப்போது பல கைகள். மேலே... நடுவில்... முழங்கால் உயரத்திலும்...

அலாரம் அடிக்கப் போகிறது.

பாய்ந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்தான்.

சத்தம் நின்றது.

ஈரக் கம்பளி வாடை... தோளை உரசிக்கொண்டு ஒன்று. பிறகு இன்னொன்று...

பிறகு, இடுப்பளவே உயரமாய் ஒன்று.

அலாரம் அடிக்கவேயில்லை.

காலையில் கண்காட்சியைச் சுற்றிக்காட்டும் ஏஞ்சலா கதவைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அங்கிள், ஹூ ஓப்பின்ட் திஸ்?"

"நான்தான் பிள்ளை. உள்பக்கத்தாலதானே திறந்தனான்."

"நோ, அங்கிள். அது வெளிப்பக்கம்."

நகரங்கள் தம் கதவை உள்ளிருந்துதான் பூட்டும். இந்தக் கதவில் மட்டும் வெளியேயும் ஒரு தாழ்ப்பாள். கொள்ளைநோய் வந்த ஆண்டில் சுற்றுக் கிராமத்தவர்கள் அடித்தது. நகரத்தையே உள்ளே வைத்துப் பூட்டினார்களாம். பனி உருகிய பின் திறந்தபோது, அத்தனை பேரும் இந்தக் கதவின் அடியிலேயே கிடந்தார்களாம்.

றொனால்டின் வேலை நிலைத்தது. ஆடியில் எமில்டாவும் வந்து சேர்ந்தாள். அந்த அலாரம் பிறகு ஒருநாளும் அடிக்கவில்லை.

கதவின் பின்னால், தட்டுவதற்கு இனி எவரும் இல்லை.